ஆஸ்திரேலியாவின் கோலா விலங்குகளுக்குக் கிளமிடியா நோய் வருகிறதாமே, ஆன்டிபயாடிக் கொடுத்தால் சரியாகிவிடாதா?

கிளமிடியா ஒரு பாக்டீரியா, அதனால் கிருமி செத்துவிடும். ஆனால் அதே மருந்தால் கோலாவும் பட்டினியில் சாக வாய்ப்பிருக்கிறது.

நான் டாக்டர் இல்லை. ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கில் ஒரு வனவிலங்கு மருத்துவமனைக்கு வார இறுதிகளில் தன்னார்வலராகப் போகிறேன். தழை வெட்டுவது, கூண்டு கழுவுவது, புழுக்கை எண்ணுவது என் வேலை. புழுக்கை எண்ணுவது ஏன் என்று புரிந்தால் உங்கள் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

கோலா தின்பது தைலமர இலை. அதில் சத்து குறைவு, நார் அதிகம், நச்சும் உண்டு. அதைச் செரிக்க கோலாவின் குருட்டுக்குடல் (பெருங்குடலின் தொடக்கத்தில் பை போல இருக்கும் பகுதி) சுமார் 2 மீட்டர் நீளத்துக்கு வளர்ந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் பாக்டீரியாக்கள்தான் இலையை உணவாக்கித் தருகின்றன. பிறக்கும்போது குட்டிக்கு அவை கிடையாது. ஆறு மாத வாக்கில் தாயிடமிருந்து வரும் கூழ் போன்ற கழிவைத் தின்றுதான் அவற்றைப் பெறுகிறது. ஆன்டிபயாடிக்குக் கிளமிடியா வேறு, இவை வேறு என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது.

போன வருடம் இளம் பெண் கோலா ஒன்றைக் கொண்டுவந்தார்கள். இரண்டு கண்களும் சிவந்து தடித்து, சீழ் காய்ந்து இமை ஒட்டிக்கிடந்தது. டாக்டர் முதலில் தோள்பட்டை எலும்பின் மேல் தடவிப் பார்த்தார். அங்கே சதை வற்றியிருந்தால் விலங்கு பல நாளாகச் சரியாகத் தின்னவில்லை என்று அர்த்தம். பிறகு மயக்கம் கொடுத்து, கண்ணிலும் பிறப்புறுப்பிலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அடுத்து ஸ்கேன். நாங்கள் எல்லோரும் பயந்தது அதற்குத்தான். கிளமிடியா கண்ணோடு நிற்காமல் சிறுநீர்ப்பையைத் தாக்கினால் அதன் சுவர் தடித்து, மூத்திரம் சொட்டிச் சொட்டிப் பின்பக்க ரோமம் பழுப்பேறி நாறும். கர்ப்பப்பை, சூலகப் பக்கம் போனால் நீர்க்கட்டி வந்து மலடாகிவிடும். கிருமியைக் கொன்றாலும் அந்தத் தழும்புகள் போகாது. அப்படி முற்றிய நிலையில் வருபவற்றைக் கருணைக்கொலைதான் செய்கிறார்கள். அந்த அறையிலிருந்து வெளியே வருபவர் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடிந்ததில்லை.

இவளுக்கு ஸ்கேனில் ஒன்றும் இல்லை. ஊசி ஆரம்பித்தார்கள். வாய்வழி மருந்து கோலா உடலில் சரியாக ஏறாது. இலை நச்சை முறித்து முறித்துப் பழகிய கல்லீரல் பல மருந்துகளையும் வேகமாக வெளியேற்றிவிடும். முன்பெல்லாம் குளோராம்பெனிகால் ஊசியைத் தினமும், வாரக்கணக்கில் போடுவார்கள். அந்த மருந்து கிடைப்பது அரிதான பிறகு டாக்ஸிசைக்ளின் ஊசி, வாரம் ஒன்று.

மூன்றாவது வாரம் அவள் தழையைத் தொடவில்லை. காலையில் எடை குறைந்திருந்தது. நூறுக்கு மேல் விழவேண்டிய புழுக்கை முப்பதுகூடத் தேறவில்லை. நான்கைந்து வகைத் தைலமரக் கொழுந்துகளை வெட்டிவந்து மாற்றி மாற்றி வைத்தேன். அரைத்த இலைக்கூழைச் சிரிஞ்சில் ஊட்டினார்கள். ஆரோக்கியமான கோலாவின் புழுக்கையைக் கரைத்து வடிகட்டி அதையும் கொடுத்தார்கள், குடலில் பாக்டீரியா மறுபடி குடியேறட்டும் என்று. ஐந்தாம் நாள் காலை தட்டில் கெட்டியான, நீள்வட்டமான புழுக்கைகள் குவிந்துகிடந்தன. தொண்ணூற்றிரண்டு. இரண்டு தடவை எண்ணினேன். பிறகு அவளைக் கண்டெடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மரமேற்றி விட்டோம்.

கிளமிடியா மட்டும்தானா என்றால், இல்லை. கோலா ரெட்ரோவைரஸ் இன்னும் கொடுமை. குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ் கோலாக்களின் மரபணுவிலேயே அது கலந்துவிட்டது, தலைமுறை தலைமுறையாக இறங்குகிறது. ரத்தப் புற்றுநோயோடும் எதிர்ப்புச் சக்திக் குறைவோடும் அதைத் தொடர்புபடுத்துகிறார்கள். மருந்து கிடையாது. தைலமரத்திலேயே வாழும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சையும் உண்டு, மூக்கையும் நுரையீரலையும் பிடிக்கும். ரத்தப் பரிசோதனையில் தெரியும், மாதக்கணக்கில் பூஞ்சைக்கொல்லி கொடுக்கவேண்டும்.

2022-ல் குயின்ஸ்லாந்து, நியூ சவுத் வேல்ஸ், கான்பெரா பகுதிக் கோலாக்களை அழியும் நிலையில் உள்ளவை என்று அரசு அறிவித்தது. இந்த நிலையில் எனக்கு உண்மையான நம்பிக்கை தடுப்பூசிதான். சன்ஷைன் கோஸ்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டிம்ஸ் குழு பத்தாண்டுக்கு மேல் உழைத்து உருவாக்கிய கிளமிடியா தடுப்பூசிக்கு 2025 செப்டம்பரில் ஒப்புதல் கிடைத்தது. காட்டுக் கோலாக்களில் இந்த நோயால் வரும் சாவை அது குறைந்தது 65 சதவீதம் குறைத்ததாக ஆய்வு சொல்கிறது. குடல் பாக்டீரியாவை அது தொடுவதே இல்லை. ஒரே ஊசி போதும் என்பது அதைவிடப் பெரிய விஷயம். மரமேறிப்போன கோலாவை இரண்டாவது ஊசிக்கு மறுபடி தேடிப்பிடிப்பது எவ்வளவு பாடு என்பது, கழுத்து வலிக்க அண்ணாந்து தேடியவர்களுக்குத் தெரியும்.