பகலெல்லாம் கட்டுப்பாடாக இருந்துவிட்டு இரவில் தோற்றுப்போகிறேன், எடை குறைய எப்படிச் சாப்பிட வேண்டும்?

கேள்விக்குக் கீழே நீங்கள் எழுதியிருந்தது இது: காலையில் வெறும் காபி, மதியம் ஒரு கிண்ணம் காய்கறி, மாலை வரை எல்லாம் ஒழுங்காகப் போகிறது, இரவு ஒன்பதுக்கு மேல் கை நிற்பதில்லை, "எனக்கு மன உறுதியே கிடையாது போல." அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். ஏழெட்டு வருடம் இதே வரியை நானும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தவள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மருத்துவரோ உணவு நிபுணரோ இல்லை. தையல் வேலை செய்கிறேன், 17 வருடமாக. அதனால் "நீ யார் சொல்ல?" என்று கேட்க வருகிறவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் ஒரு தையல்காரிக்கு உடம்புகளைப் பற்றித் தெரிந்த ஒன்று உண்டு. என் அளவு நோட்டில் பத்து வருடமாக வருகிறவர்களின் மார்பளவு, இடுப்பளவு எல்லாம் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கின்றன. இரண்டே மாதத்தில் மூன்று அங்குலம் குறைந்து, எல்லா உடையையும் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தவர்களில் பெரும்பாலானோர் அடுத்த வருடமே அதே தையலைப் பிரிக்கச் சொல்லிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதனால் யாருக்குப் பிடித்துத் தைத்தாலும் உள்ளே துணியை வெட்டாமல் விட்டுவைப்பேன். இது ஆய்வு இல்லை, என் நோட்டு, அவ்வளவுதான். அந்தப் பக்கங்களில் என்னுடைய அளவும் இருக்கிறது.

எனக்கு 34 வயது இருக்கும்போது எடை 78 கிலோ. உயரம் 158 செ.மீ. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வழி சாப்பிடாமல் இருப்பது. காலை உணவை நிறுத்தினேன், மதியம் ஒரு ஆப்பிளும் காபியும். முதல் வாரத்திலேயே இரண்டரை கிலோ இறங்கியது, எனக்குத் தலைகால் புரியவில்லை. அது கொழுப்பு இல்லை என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நம் ஈரலிலும் தசையிலும் மாவுச்சத்து கிளைகோஜனாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது, மொத்தம் அரைக் கிலோ அளவுக்கு. அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் முதலில் போவது இந்தச் சேமிப்பும் அதோடு சேர்ந்த தண்ணீரும்தான். மறுபடி ஒழுங்காகச் சாப்பிட்டால் இரண்டு நாளில் திரும்பி வந்துவிடும். நான் அதைப் பார்த்துவிட்டு "ஒரு நாள் சாப்பிட்டதற்கே இரண்டு கிலோவா?" என்று பயந்து இன்னும் குறைத்தேன்.

ஐந்து வாரத்தில் ஆறு கிலோ. பார்க்கிறவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மூன்றாவது மாதம் சீப்பில் முடி கொத்தாக வந்தது (வேகமாக எடை குறைத்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து இப்படி உதிர்வது வழக்கமாம், பின்னால்தான் தெரிந்தது). விரல் நுனிகள் சில்லிட்டே இருந்தன. இரவு ஒன்பதரைக்கு மெஷினை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போனால், விளக்குகூடப் போடாமல் நின்றபடியே பிஸ்கட், நிலக்கடலை, ரொட்டி, மீதமிருக்கும் எது என்றாலும். அரை மணி நேரம். அப்புறம் படுக்கையில் அழுகை, மறுநாள் காலை தண்டனையாக மறுபடி பட்டினி.

ஒருநாள் மாலை நாலு மணிக்கு ஒரு வாடிக்கையாளரின் துணியை வெட்டிக்கொண்டிருந்தேன். நல்ல பக்கம், கெட்ட பக்கம் தெளிவாகத் தெரியும் துணி, அளவாகத்தான் கொடுத்திருந்தார், கூடுதலாக ஒரு சாண் கிடையாது. வெட்டி முடித்து மேஜையில் விரித்துப் பார்த்தால் முன்பக்கத் துண்டு இரண்டுமே இடப்பக்கத்துக்கு உரியவை. வலப்பக்கம் இல்லவே இல்லை. 17 வருடத் தொழிலில் அந்தத் தவறு அந்த ஒரு தடவைதான். முந்தைய இரவுக்குப் பிறகு அன்று நான் சாப்பிட்டிருந்தது ஒரு ஆப்பிள். அதே துணியைத் தேடி அலைந்து, கிடைக்காமல், அவரிடம் உண்மையைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். அவர் திட்டக்கூட இல்லை. "என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அன்றுதான் எனக்குப் புரிந்தது. கைவேலையில் கவனமே சிதறும் அளவுக்கு மூளைக்குப் போதாத சாப்பாட்டை வைத்துக்கொண்டு, இரவில் மன உறுதியை மட்டும் எங்கிருந்து கொண்டுவர முடியும்?

இதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1944-45ல் அமெரிக்காவில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்பவர் நடத்தியது. ஆரோக்கியமான 36 இளைஞர்கள், எல்லோரும் தாங்களாகவே முன்வந்தவர்கள். 24 வாரம் அவர்களுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1570 கலோரி மட்டும் கொடுத்தார்கள். எடையில் ஏறக்குறைய கால்வாசி போனது. உடம்பைவிட மனதுக்கு நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகங்களைச் சேகரித்துப் படித்தார்கள், எரிச்சலும் சோர்வும் கூடியது. பிறகு விருப்பம்போல் சாப்பிடலாம் என்று விட்டபோது, வயிறு முட்டிய பின்னும் பசி போகவில்லை என்று பலர் சொன்னார்கள். சமையல் குறிப்பாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்த என்னுடைய அந்த இரவுகளை நினைத்துப் பாருங்கள். அவர்களை யாரும் மன உறுதி இல்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. நீங்களும் அப்படிச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

சரி, நான் என்ன செய்தேன் என்று சொல்கிறேன். அளவு நோட்டின் பின்பக்கத்தில் 21 நாள் எழுதினேன். கலோரி இல்லை, எடை இல்லை. என்ன நேரம், என்ன சாப்பிட்டேன், உட்கார்ந்தா நின்றா, எவ்வளவு பசியில். திருத்தாமல் எழுதினேன். ஒரு வாரத்திலேயே தெரிந்துவிட்டது, என் ஒரு நாள் சாப்பாட்டில் பாதிக்கு மேல் இரவு ஒன்பதுக்குப் பிறகு, நின்றுகொண்டு. நிலக்கடலை நல்லதுதானே என்று டப்பாவோடு எடுத்து நாலு கைப்பிடி போட்டுக்கொள்வேன். ஒரு சின்னக் கைப்பிடி 30 கிராம், அதில் ஏறக்குறைய 170 கலோரி. நாலு கைப்பிடி என்றால் அது ஒரு முழு வேளைச் சாப்பாடு. "நான் ஒன்றுமே சாப்பிடுவதில்லை" என்று அதுவரை எல்லோரிடமும் உண்மையாகவே நம்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் சொல்லவில்லை, நினைவில் நிற்கவில்லை. 1992ல் வந்த ஒரு ஆய்வில், எவ்வளவு குறைத்தாலும் எடை இறங்கவில்லை என்றவர்களை அளந்து பார்த்தபோது, அவர்கள் சொன்னது உண்மையில் சாப்பிட்டதில் பாதிக்குச் சற்று மேல்தான் இருந்தது. இதை யாரையும் குற்றவாளியாக்கச் சொல்லவில்லை. பசியில் நின்றுகொண்டு சாப்பிட்டது கணக்கில் ஏறுவதில்லை, அதற்காகச் சொல்கிறேன்.

அதன்பிறகு பகலில் சாப்பிட ஆரம்பித்தேன். பெரிய மாற்றம் அதுதான். காலையில் முட்டையோ பருப்போ பயறோ, புரதம் இருக்கும்படி ஏதாவது ஒன்று. மதியம் ஒரு மணிக்கு மெஷினை நிறுத்தி, கையைக் கழுவி, உட்கார்ந்து. தட்டில் பாதி காய்கறி, மீதியில் புரதமும் மாவுச்சத்தும். மாவுச்சத்தை ஒரு நாளும் விடவில்லை. மாலை ஐந்து மணிக்குப் பசி வருகிறதோ இல்லையோ ஒரு பழமும் கொஞ்சம் தயிரும், அல்லது அளந்து எடுத்த ஒரு கைப்பிடிக் கடலை. இந்த ஐந்து மணிச் சாப்பாடுதான் என் ஒன்பது மணியைக் காப்பாற்றியது. முதல் பத்து நாள் பயமாகத்தான் இருந்தது, எடை ஒரு கிலோ ஏறியது (தண்ணீர்தான், மேலே சொன்னேன்). மூன்றாவது வாரம் ஒருநாள் இரவு சமையலறை வழியாகப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து படுத்துவிட்டேன். படுத்த பிறகுதான் டப்பாவைத் திறக்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

எண்ணெயைக் கரண்டியால் அளந்து ஊற்றப் பழகினேன். கொழுப்பு ஒரு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, பாட்டிலைச் சாய்த்து ஊற்றும்போது அது தெரிவதில்லை. ஜூஸை விட்டுப் பழமாகவே சாப்பிட்டேன். பாக்கெட் தீனிகளை வீட்டில் வாங்கி வைப்பதை நிறுத்தினேன். இதற்கும் 2019ல் ஒரு ஆய்வு உண்டு. கெவின் ஹால் என்பவரின் குழு 20 பேரை ஒரே இடத்தில் தங்கவைத்து, இரண்டு வாரம் ஆலையில் தயாரான உணவு, இரண்டு வாரம் எளிய முழு உணவு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தது. இரண்டிலும் வேண்டிய அளவு சாப்பிடலாம். ஆலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் தினமும் ஏறக்குறைய 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். ஆட்கள் அதே ஆட்கள்தான். அப்புறம் தூக்கம். பண்டிகைக் காலத்தில் ஒரு மணி வரை தைத்துவிட்டுப் படுத்தால் மறுநாள் என்ன சாப்பிட்டாலும் போதாது, இது உங்களுக்கும் தெரிந்திருக்கும்.

"கடைசியில் கலோரி குறைந்ததால்தானே இளைத்தாய்?" என்று ஒருவர் வருவார், எப்போதும் வருவார். ஆமாம், அதனால்தான். நான் மறுக்கவே இல்லை. அந்தக் குறைவை எந்த நேரத்தில், எதில் வைத்தால் தாங்க முடியும் என்பதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு நன்றாக இருப்பவர்களும் இருக்கிறார்கள், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் கேட்டிருப்பவருக்கு அது ஒத்துவரவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

14 மாதத்தில் 78லிருந்து 69. நாலு வருடமாக 69க்கும் 71க்கும் நடுவில் நிற்கிறது. உடம்பு சிறியதாகும்போது அதன் செலவும் குறையும், அதனால் போகப்போக வேகம் குறைவது இயல்பு. ரத்த அழுத்தம் முதல் நாலைந்து கிலோவிலேயே இறங்கிவிட்டது. உடல் எடையில் 5 சதவீதம் குறைந்தாலே ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் பலன் தெரியும் என்று அப்போது மருத்துவர் சொன்னார்.

எடை பார்க்கும் கருவியை மட்டும் நம்பாமல் டேப்பும் வைத்துக்கொள்ளுங்கள். உடை கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்ட பிறகு அளக்க வேண்டும். அந்த அளவு உயரத்தில் பாதிக்குள் இருப்பது நல்லது. எனக்கு 31 அங்குலம் இருக்க வேண்டும், 38லிருந்து 34க்கு வந்திருக்கிறேன், இன்னும் அதற்குள் வரவில்லை. பழைய துணி டேப் நாளாக ஆக இழுத்து நீண்டுவிடும், ஒரு இரும்பு ஸ்கேலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு அளந்துகொள்ளுங்கள்.

டேப் என்றதும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அளவெடுக்கும்போது தயவுசெய்து வயிற்றை உள்ளே இழுக்காதீர்கள். இழுத்து நிற்பார்கள், விடுங்கள் என்றால் விட்டுவிட்டேன் என்பார்கள், பிறகு உடை பிடிக்கிறது, தைக்கத் தெரியவில்லை என்று கடை வாசலில் நாலு பேர் முன்னால் சத்தம். இன்னும் சிலர், "அடுத்த மாதம் இளைத்துவிடுவேன், இரண்டு அங்குலம் குறைத்தே தையுங்கள்" என்பார்கள். அப்படித் தைத்த உடைகள் அலமாரியிலேயே கிடப்பதை அவர்கள் வீடுகளிலேயே பார்த்திருக்கிறேன். பிரிப்பதற்கும் கூலி தர மாட்டார்கள். இன்றைக்கு இருக்கிற உடம்புக்கு ஒரு நல்ல உடை தைத்துப் போட்டுக்கொள்வதில் என்ன தப்பு? குறைந்தால் பிடித்துத் தரப் போகிறேன்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவராக இருந்தால் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் மருத்துவரிடம் கேளுங்கள். தைராய்டு சுரப்பு குறைவதும், ஸ்டீராய்டு போன்ற சில மருந்துகளும் எடையை ஏற்றும், அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். இரவில் சாப்பிட்டதை வலிய வாந்தி எடுக்கிறீர்கள் என்றால் என் பதிலை மூடிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள், அது வேறு விஷயம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

அப்படி எதுவும் இல்லை என்றால் நாளை காலை காபியோடு நிறுத்தாமல் ஏதாவது சாப்பிடுங்கள், மாலை ஐந்து மணிக்கும் சாப்பிடுங்கள். இரவு ஒன்பது மணியை இப்போதைக்குத் தொடவே வேண்டாம், கை போனால் போகட்டும், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு நேரத்தை மட்டும் எழுதிவையுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று இங்கே எழுதினால் பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, அன்று நிதானமாகப் படித்துப் பதில் போடுவேன்.