வாசகர் கேள்வி பதில்: ஆறு நாடுகளா, ஓர் ஆறா?

வணிக மேலாண்மை பயிலும் மாணவர்களுக்காகப் பல நாடுகளை இணைத்து நடத்தப்படும் குறுகிய காலக் கல்விப் பயணங்கள் பற்றி வந்த கடிதங்களில் ஐரோப்பாவைக் குறித்த கேள்விகளே மிகுதி. ஆகவே இந்த இதழில் அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் கல்லூரி இரண்டு பயணங்களை முன்வைத்திருக்கிறது. ஒன்று, 12 நாட்களில் ஆறு நாடுகளின் தலைநகரங்கள். மற்றொன்று, அதே 12 நாட்களில் ரைன் ஆற்றை ஒட்டிய நான்கு நாடுகள். கட்டணம் ஏறத்தாழ ஒன்றே. கூடுதல் நாடுகளைப் பார்ப்பதுதானே லாபம்?
— முதுகலை வணிக மேலாண்மை மாணவி

பதில்: நாடுகளை எண்ணினால் அப்படித்தான் தோன்றும், நாட்களை எண்ணிப் பாருங்கள். ஆறு தலைநகரங்கள் என்றால் ஐந்து முறை அறையைக் காலி செய்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரயிலையோ விமானத்தையோ பிடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அரை நாளுக்குக் குறையாமல் கழியும். வந்து சேரும் நாள், திரும்பும் நாள், அலுவலகங்கள் மூடியிருக்கும் ஒரு வார இறுதி ஆகியவற்றையும் கழித்தால் படிப்புக்கு மிஞ்சுவது ஐந்தரை நாள். இடமாற்றங்களில் ஒன்றிரண்டைச் சனி, ஞாயிறுகளில் வைத்தாலும் நாட்டுக்கு ஒரு நாளுக்கு மேல் தேறாது. மேலும், அமைச்சகங்களும் அருங்காட்சியகங்களும் தலைநகரங்களில் இருக்கும். ஐரோப்பாவின் தொழிலையும் பணத்தையும் காண வேறு ஊர்களுக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஐரோப்பிய மத்திய வங்கியே பிராங்க்பர்ட்டில்தான் இருக்கிறது. போட்டிச் சட்டத்தையும், ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையத்தையும் அறிய விரும்புகிறவருக்கு பிரஸ்ஸல்ஸ் அவசியம்தான். ஆனால் அந்த ஒரு தலைநகருக்காக மற்ற ஐந்தையும் சுமக்க வேண்டியதில்லை.

ரைன் பயணத்திலும் இடமாற்றங்கள் உண்டு. ஆனால் அங்கே ஓர் ஊரில் எழும் கேள்வி அடுத்த ஊருக்கும் கூடவே வருகிறது. ரோஷ், நோவார்டிஸ் ஆகிய மருந்து நிறுவனங்களின் தலைமையகங்கள் இருக்கும் பாசெல், ரைன் போக்குவரத்துக்கான மத்திய ஆணையம் இயங்கும் ஸ்ட்ராஸ்பூர்க், பிஏஎஸ்எஃப் நிறுவனத்தின் மாபெரும் ரசாயன வளாகம் அமைந்த லுட்விக்ஸ்ஹாஃபென், உள்நாட்டுத் துறைமுகமான டூயிஸ்பர்க், ஐரோப்பாவின் மிகப்பெரிய கடல் துறைமுகமான ராட்டர்டாம் ஆகிய ஐந்தும் ஒரே நீர்வழியில் இருக்கின்றன. 2018 இலையுதிர்காலத்தில் அந்த ஆற்றில் நீர் வற்றியபோது, காவுப் என்னும் ஊருக்கருகே உள்ள ஆழமற்ற பகுதியைக் கடக்கச் சரக்குப் படகுகள் தங்கள் கொள்ளளவில் ஒரு பகுதியை மட்டுமே ஏற்ற முடிந்தது. மூலப்பொருள் போதாமல் பிஏஎஸ்எஃப் உற்பத்தியைக் குறைக்க நேர்ந்தது. நீர்மட்டம் தாழ்ந்தால் கூடுதல் கட்டணம் என்ற விதி ரைன் சரக்கு ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும். அப்படியானால் வறட்சியின் செலவைப் படகுக்காரர், ஆலை, வாடிக்கையாளர் ஆகிய மூவரில் யார் எந்த அளவுக்குச் சுமக்கிறார்கள்? இந்த ஒரு கேள்வியை டூயிஸ்பர்க்கிலும் லுட்விக்ஸ்ஹாஃபெனிலும் ராட்டர்டாமிலும் கேட்டால் மூன்று விதமான பதில்கள் கிடைக்கும். அவற்றை ஒப்பிடுவதே உங்கள் அறிக்கையாகிவிடும். நான்கு அரசுகளின் எல்லை வழியே ஓடும் ஆற்றில் கப்பல் போக்குவரத்து எப்படித் தடையின்றி நடக்கிறது என்று கேட்டால், 1815ஆம் ஆண்டு வியன்னா மாநாட்டுக்கும் 1868ஆம் ஆண்டு மன்ஹைம் உடன்படிக்கைக்கும் போக வேண்டியிருக்கும். அதற்கும் ஸ்ட்ராஸ்பூர்க்கில் ஆள் இருக்கிறார்கள். எங்கள் பரிந்துரை ரைன் பயணமே.

கேள்வி: என் மகன் செல்லவிருக்கும் 10 நாள் பயணத்துக்கு ஆறு ஐரோப்பிய கிரெடிட் வழங்கப்படும் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்கள். இதை நம்பலாமா?
— ஒரு தந்தை

பதில்: பொய் என்று உடனே தள்ளிவிட வேண்டாம், கணக்குக் கேளுங்கள். ஐரோப்பிய முறையில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணி நேர உழைப்பைக் குறிக்கும். எனவே ஆறு கிரெடிட்டுக்கு 150 முதல் 180 மணி நேரம் தேவை. 10 நாளும் ஓய்வின்றி எட்டு மணி நேரம் படித்தாலும் 80 மணி நேரம்தான் ஆகிறது. மீதமுள்ள 70 மணி நேரமேனும் பயணத்துக்கு முன்னும் பின்னும் வாசிப்பாகவும், இணையவழி வகுப்பாகவும், அறிக்கை எழுதும் வேலையாகவும் பாடத்திட்டத்தில் இருந்தாக வேண்டும். இல்லையென்றால் அந்தக் கிரெடிட் காகிதத்தில் மட்டுமே இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தின் கல்விப் பரிமாற்றத் திட்டமான எராஸ்மஸ் பிளஸ்ஸின் கலப்பு முறைத் தீவிரப் படிப்புகளில்கூட, 5 முதல் 30 நாள் வரையிலான நேரடிப் பயணத்தோடு இணையவழிப் பகுதியும் கட்டாயம். அவற்றுக்குக் குறைந்தது மூன்று கிரெடிட் வழங்கப்படுகிறது. மதிப்பெண் இடுவது யார், சான்றிதழ் தருவது எந்தப் பல்கலைக்கழகம் என்பவற்றையும் கேளுங்கள். மகன் பயிலும் கல்வி நிறுவனம் அந்தக் கிரெடிட்டை ஏற்றுக்கொள்ளும் என்பதை, பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிரான்சில் நான்கு நாள், பிரிட்டனில் மூன்று நாள், ஜெர்மனியில் நான்கு நாள் என்று எங்கள் பயணம் அமைகிறது. துலூஸ், பிராட்டன், ஹாம்பர்க் ஆகிய ஊர்களில் ஏர்பஸ் விமானத் தயாரிப்பைப் பின்தொடர்வது திட்டம். எனக்கு விசா தேவை. எந்தத் தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும்?
— இளங்கலை வணிகவியல் மாணவர்

பதில்: நல்ல வழித்தடம். வேல்ஸில் உள்ள பிராட்டனில் உருவாகும் இறக்கைகள், துலூஸிலும் ஹாம்பர்க்கிலும் விமானத்தோடு பொருத்தப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகிய பிறகு அந்த இறக்கை ஒரு சுங்க எல்லையைக் கடக்கிறது. நீங்களும் கடக்கிறீர்கள், சிக்கல் அங்கேதான் வருகிறது. ஒரே விசாவில், உள் எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதியில் பிரிட்டன் இல்லாததால் அதற்குத் தனி விசா வேண்டும். துலூஸிலிருந்து பிராட்டனுக்குப் போகும்போது ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி, ஹாம்பர்க்குக்கு வரும்போது இரண்டாம் முறையாக உள்ளே நுழைகிறீர்கள். ஒருமுறை நுழைவு விசா வைத்திருப்பவர் அங்கே நிறுத்தப்படுவார். ஆகவே பலமுறை நுழைவு, குறைந்தது இருமுறை நுழைவு விசாவைக் கேட்டுப் பெற வேண்டும். (அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனில் இல்லை, சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாமலே ஷெங்கனில் இருக்கிறது. திட்டம் போடுகிறவர்களே இதில் குழம்புவதுண்டு.)

ஷெங்கன் விசாவுக்கு, அதிக நாட்கள் தங்கும் நாட்டின் தூதரகத்தில் விண்ணப்பிப்பது விதி. உங்கள் திட்டத்தில் பிரான்சும் ஜெர்மனியும் சம அளவில் இருப்பதால் முதலில் நுழையும் நாடான பிரான்சிடம் விண்ணப்பிக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து, 15 நாள் முன்பு வரை விண்ணப்பிக்கலாம். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாளும், சில வேளைகளில் 45 நாள் வரையும் ஆகக்கூடும் என்பதால் கடைசித் தேதியை நம்பியிருக்க வேண்டாம். பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ கல்விப் பயிற்சிக்காகவோ செல்லும் மாணவர்களுக்கும், அவர்களுடன் செல்லும் ஆசிரியர்களுக்கும் விலக்கு உண்டு. இதை அறியாமல் பலர் பயண நோக்கத்தைச் சுற்றுலா என்று எழுதிவிடுகிறார்கள். கல்வி நிறுவனத்தின் கடிதத்தை இணைத்து, கல்வி என்றே குறிப்பிடுங்கள். விண்ணப்ப மையம் வசூலிக்கும் சேவைக் கட்டணத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.

கேள்வி: நிறுவனங்களைப் பார்வையிடும்போது என்ன கேட்பது என்றே தெரியாமல் வாய்மூடி இருந்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.
— முதலாண்டு மாணவி

பதில்: நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் இருக்கும் விவரத்தைக் கேட்காதீர்கள், அதை முன்பே படித்துவிட்டு, அதில் இல்லாததைக் கேளுங்கள். எடுத்துக்காட்டாக, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் ஜெர்மன் நிறுவனங்களில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் தரப்புக்கு உரியவை என்று 1976ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வாக்குகள் சமமானால், பங்குதாரர் தரப்பைச் சேர்ந்தவராகவே பெரும்பாலும் இருக்கும் தலைவருக்குக் கூடுதல் வாக்கு உண்டு. அந்தக் கூடுதல் வாக்கை இங்கே எப்போதாவது பயன்படுத்த நேர்ந்ததா, அதற்கு முன்பே பேசித் தீர்த்துவிடுகிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். தயாரித்து வைத்திருக்கும் படவிளக்கத்தை ஓரமாக வைத்துவிட்டுப் பேசத் தொடங்குவார்கள். ஆலைக்குள் அனுமதியின்றிப் படமெடுக்கக் கூடாது.

கேள்வி: மாணவர் குழுவை அழைத்துச் செல்லும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. ஆளுக்கொரு பயணக் கட்டுரை எழுதச் சொல்லி மதிப்பெண் இடலாமா?
— ஒரு பேராசிரியர்

பதில்: வேண்டாம். அப்படிக் கேட்டால் இணையத்தில் கிடைக்கும் வருணனைகளே வந்து சேரும். புறப்படுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் ஒரு கேள்வியையும், அதற்கு அவர் எதிர்பார்க்கும் பதிலையும் ஒரே பக்கத்தில் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் அந்தப் பக்கத்தைக் கையில் கொடுத்து, எதிர்பார்த்ததில் எது தவறாகிப் போனது, யார் சொன்ன எந்தத் தகவலால் தவறென்று தெரிந்தது என்று எழுதச் சொல்லுங்கள். நாள்தோறும் மாலையில் அரை மணி நேரம் குறிப்பு எழுதுவதற்கென்று நிகழ்ச்சி நிரலிலேயே ஒதுக்குங்கள். நான்காம், ஐந்தாம் நாளில் எல்லோரும் களைத்திருப்பார்கள். அன்று பிற்பகல் நிறுவனப் பார்வை எதையும் வைக்காதீர்கள்.