அணியில் விடுபட்ட எண்: கேள்வி பதில்

கேள்வி: 1 முதல் 6 வரையுள்ள எண்களில் ஒன்று மட்டும் விடுபட்டு, மற்றவை 4, 1, 6, 2, 5 என்று ஓர் அணியில் (array, அதாவது எண்களை வரிசையாகச் சேமிக்கும் அமைப்பு) கலைந்து கிடக்கின்றன. ஒவ்வோர் எண்ணையும் அணி முழுவதும் தேடிப் பார்க்கும் என் நிரல், பெரிய அணிகளில் மிக மெதுவாக ஓடுகிறது. வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. தேடவே வேண்டாம், கூட்டினால் போதும். கடைசி எண்ணை அதற்கு அடுத்த எண்ணால் பெருக்கி இரண்டால் வகுத்தால், அதாவது 6 × 7 ÷ 2 என்று கணக்கிட்டால், வர வேண்டிய கூட்டுத்தொகை 21 கிடைக்கும். உங்கள் அணியின் கூட்டுத்தொகை 18 என்பதால் விடுபட்ட எண் 3. பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் அணியை ஒரு முறை கடந்தால் வேலை முடிந்துவிடும். உங்கள் முறையிலோ, விடுபட்டது கடைசி எண்ணாக இருந்தால், சுமார் 50,000 கோடி ஒப்பீடுகள் தேவைப்படும்.

கேள்வி: இதே சூத்திரத்தை ஜாவா நிரல்மொழியில் 50,000 வரையுள்ள எண்களுக்குப் பயன்படுத்தினேன். விடுபட்ட எண் 7. விடையோ −2,14,74,83,641 என்று வருகிறது. சூத்திரம் தவறா?

பதில்: சூத்திரம் சரி, எண்ணைச் சேமிக்கும் மாறியின் கொள்ளளவுதான் போதவில்லை. ஜாவாவின் 'இன்ட்' என்னும் முழு எண் வகை 32 பிட் (இரும இலக்கம்) கொண்டது. அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 2,14,74,83,647. இறுதியில் வர வேண்டிய 1,25,00,25,000 அதில் தாராளமாக அடங்கும் என்பதால்தான் இந்தப் பிழை பலர் கண்ணில் படுவதில்லை. ஆனால் வகுப்பதற்கு முன் வரும் பெருக்குத்தொகை 2,50,00,50,000. அது எல்லையைத் தாண்டி, எந்த எச்சரிக்கையும் இல்லாமல் குறை எண்ணாக மாறிவிடுகிறது. அதை இரண்டால் வகுக்கும்போது −89,74,58,648 கிடைக்கிறது; அதிலிருந்து அணியின் கூட்டுத்தொகையைக் கழித்துப் பாருங்கள், நீங்கள் கண்ட அதே விடை வரும்.

இரட்டைப்படை எண்ணை முதலில் வகுத்து 25,000 × 50,001 என்று பெருக்கினால் இப்போதைக்குத் தப்பலாம். கடைசி எண் 65,536-ஐ எட்டியதும் கூட்டுத்தொகையே எல்லை மீறிவிடும். ஆகவே 64 பிட் 'லாங்' மாறியில் கணக்கிடுவதே முறை. இதை வெறும் பயிற்சிக் கணக்கின் சிக்கலாக எண்ண வேண்டாம்: ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே, இருமத் தேடலுக்காக (வரிசைப்படுத்திய அணியைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் முறை) இடத்தைக் குறிக்கும் இரு சுட்டெண்களைக் கூட்டி இரண்டால் வகுத்த வரியில் இதே பிழை பல ஆண்டுகள் இருந்ததை 2006-இல் அந்த நிரலை உருவாக்கிய பொறியாளர் ஜோஷுவா பிளாக்கே எழுதினார்.

கேள்வி: பைத்தான் நிரல்மொழியிலும் இந்தக் கவலை உண்டா?

பதில்: இல்லை. அதன் முழு எண்கள் தேவைக்கேற்ப வளரும்.

கேள்வி: ஓர் எண் விடுபட்டு, வேறொன்று இருமுறை வந்தால்?

பதில்: அப்போது வித்தியாசம் மட்டும் போதாது. 3 விடுபட்டு 5 இருமுறை வந்தாலும், 2 விடுபட்டு 4 இருமுறை வந்தாலும் கூட்டுத்தொகை இரண்டு கூடியே இருக்கும். வர்க்கங்களின் கூட்டுத்தொகையையும் ஒப்பிட்டால் இரண்டாவது சமன்பாடு கிடைக்கும். ஆனால் வர்க்கங்கள் இன்னும் விரைவாக எல்லையைத் தொடும் என்பதால், எந்த எண் எத்தனை முறை வந்தது என்று மற்றோர் அணியில் குறித்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.