ஏற்காடு வீட்டில் 2000 வாட் கீசரை 6 ஆம்பியர் பாயிண்டில், கன்வெர்ட்டர் பிளக் போட்டு ஓட்டலாமா?

வேண்டாம். வாட்டை 230 வோல்ட்டால் வகுத்துப் பாருங்கள்: 2000 வாட்டுக்குக் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர் வருகிறது. கன்வெர்ட்டர் போட்டால் பின் நுழையும், அவ்வளவுதான். சுவருக்குள் இருக்கும் ஒயர் தடித்துவிடாது.

எங்கள் மாமாவும் ஏற்காட்டில்தான் இருக்கிறார். மார்கழிக் குளிருக்கு இதையேதான் செய்தார். நாலாம் நாள் வீடெங்கும் கருவாட்டு வாடை. அடுப்பில் ஒன்றுமில்லை, சூடேறிய சாக்கெட் ஓரம் பழுப்பாக உருகியிருந்தது. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் சூடு நான்கு மடங்காகும், அதுதான் விஷயம்.

16 ஆம்பியர் சாக்கெட், குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், தனி 16 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் மிஞ்சினால் தானாக விழும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த் போடச் சொல்லுங்கள். 3000 வாட் என்றால் 4 ஸ்கொயரே நல்லது. எம்சிபி அடிக்கடி விழுகிறதே என்று 32 ஆம்பியர் மாட்டச் சிலர் சொல்வார்கள், கேட்காதீர்கள். எம்சிபி ஒயரைக் காப்பாற்ற இருப்பது. ஒயரை விடப் பெரிதாகப் போட்டால் முதலில் எரிவது ஒயர்தான்.

அப்புறம், போன் சார்ஜரில் '2 ஆம்பியர்' என்றிருப்பது 5 வோல்ட் பக்கத்துக் கணக்கு. வெறும் 10 வாட். 6 ஆம்பியர் பாயிண்டே தாராளம்.