நான் அழுதால் குழந்தையைப் பாதிக்குமா, டாக்டர்?

கேள்வி: எனக்கு இது ஏழாவது மாதம், முதல் குழந்தை. கொரோனா தொற்றுக்குப் பயந்து வீட்டை விட்டு வெளியே போவதே இல்லை. போன மாதம் செக்கப்புக்கும் போகவில்லை. அதற்கு முன் ஸ்கேன் எடுத்தபோது கணவரை உள்ளே விடவில்லை. பிரசவத்துக்கு அம்மா வர முடியுமா என்றும் தெரியவில்லை. மூன்று வாரமாக ராத்திரி தூக்கம் இல்லை. போனில் தொற்றுச் செய்திகளையே பார்த்துக்கொண்டு காரணமில்லாமல் அழுகிறேன். அழுதால் குழந்தைக்கு ஆகாது என்று வீட்டில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அழுவதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. கவலைப்படும்போது உடலில் கார்டிசால் என்ற ஹார்மோன் கூடும். அதில் பெரும்பகுதியைச் செயலிழக்கச் செய்யும் நொதி ஒன்று நஞ்சுக்கொடியிலேயே இருக்கிறது. இயற்கை வைத்திருக்கும் காவல் அது. கடுமையான மனச்சோர்வு வந்து, சிகிச்சையும் இல்லாமல் மாதக்கணக்கில் நீடித்தால்தான் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை போன்றவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. அதையும் சரியான நேரத்தில் கவனித்தால் குணப்படுத்தலாம்.

‘அழாதே’ என்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். ஆனால் அதைக் கேட்டுவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழும் பெண்களை நினைத்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். அழுகை வெளியே தெரிந்தால் யாராவது உதவிக்கு வருவார்கள். மறைத்துவிட்டால் யாருக்குமே தெரியாது.

‘காரணமில்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே காரணங்கள் வரிசையாக இருக்கின்றனவே. முதல் குழந்தையின் முகத்தைத் திரையில் தனியாகப் பார்க்க வேண்டியிருந்தது. அம்மா பக்கத்தில் இருப்பாரா என்று தெரியவில்லை. இதற்கு அழாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

2020-இல் கொரோனா வந்தபோது ‘சமூக இடைவெளி’ என்ற சொல் எல்லார் வாயிலும் இருந்தது. அந்த மார்ச் மாதமே உலக சுகாதார நிறுவனம் அதை விட்டுவிட்டு ‘உடல் இடைவெளி’ என்று சொல்லத் தொடங்கியது. கிருமியைத் தடுக்க உடல்கள் தள்ளி இருந்தால் போதும், மனிதர்கள் விலக வேண்டியதில்லை என்பதுதான் காரணம். கர்ப்பிணிகளுக்கு இது இன்னும் முக்கியம். அம்மாவிடம் தினமும் ஒரே நேரத்தில், முகம் பார்த்துப் பேசுங்கள். தொற்றைப் பற்றி இல்லாமல், சாதாரணமாக வீட்டுக் கதை பேசுங்கள். உங்களைப் போலவே கர்ப்பமாக இருக்கும் ஒரு தோழி கிடைத்தால் அதைவிடப் பெரிய துணை இல்லை. செய்தியைப் பகலில் ஒரு முறை பார்த்தால் போதும். இரவில் போன் வேறு அறையில் இருக்கட்டும்.

சரி, இது சாதாரண வருத்தமா, மனச்சோர்வா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருத்தம் வந்து போகும். நடுவில் ஒரு நாள் சிரிப்பீர்கள், பிடித்ததைச் சாப்பிடுவீர்கள். மனச்சோர்வில் அந்த இடைவெளியே இருக்காது. 2 வாரத்துக்கு மேல் பெரும்பாலான நாட்களில் எதிலும் ஆர்வம் இல்லை, சாப்பிடப் பிடிக்கவில்லை, அசதி இருந்தும் தூங்க முடியவில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். உங்களுக்கு மூன்று வாரம் ஆகிவிட்டதால் இனியும் காத்திருக்க வேண்டாம். மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க, 1987-இல் உருவான எடின்பரோ அளவுகோல் என்ற 10 கேள்விப் படிவம் இருக்கிறது. கடந்த 7 நாட்களைப் பற்றித்தான் கேட்கும், சில நிமிடங்களில் முடிந்துவிடும். பிரசவமான தாய்மார்களுக்காக வந்தது, கர்ப்பிணிகளுக்கும் பயன்படுகிறது. அதன் கடைசிக் கேள்வி தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அந்த எண்ணம் ஒரு முறை வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பேச்சு வழி சிகிச்சையே பலருக்குப் போதும். தேவைப்பட்டால் கர்ப்ப காலத்தில் கொடுக்கக்கூடிய மருந்துகளும் உண்டு. ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் தாங்களாகவே நிறுத்திவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். உங்களுக்கு இல்லாமல் இருக்கலாம், ஆனால் இதைப் படிக்கும் ஒருவருக்காவது தேவைப்படும். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால், இப்படி வீட்டுக்குள்ளேயே அடைந்திருக்கும் காலம் இன்னும் ஆபத்தானது. செக்கப்பின்போது தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள். உங்களுடன் வந்தவரை டாக்டர் வெளியே இருக்கச் சொல்வார்.

பிரசவத்தின்போது துணைக்கு ஒருவர் இருக்கலாம் என்பதே, பெருந்தொற்றுக் காலத்திலும், உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. உங்கள் மருத்துவமனையின் விதியை இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அம்மா வர முடியாவிட்டால் யார் என்பதையும் முடிவு செய்துவிட்டால் பாதி பயம் போய்விடும். உங்களுக்கே கொரோனா வந்தாலும் முகக்கவசம் போட்டு, கையைக் கழுவிவிட்டுத் தாய்ப்பால் கொடுக்கலாம்.

செக்கப்பை மட்டும் இனி விடாதீர்கள். சில சந்தேகங்களைப் போனில் கேட்டுக்கொள்ளலாம், ஆனால் ரத்த அழுத்தத்தைக் கையில் பட்டை கட்டித்தான் பார்க்க முடியும். ரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, கடும் தலைவலி, பார்வை மங்கல், குழந்தையின் அசைவு குறைவது, இவற்றில் எது இருந்தாலும் தொற்றுக்குப் பயந்து வீட்டில் இருந்துவிடாதீர்கள், உடனே கிளம்புங்கள். அப்படி எதுவும் இல்லையென்றாலும் இந்த வாரமே போய்விடுங்கள். உட்கார்ந்ததும் ‘கால் வீங்குகிறது’ என்று சொல்வது போலவே, ‘எனக்குத் தூக்கம் இல்லை, அழுகை வருகிறது, மூன்று வாரமாகிறது’ என்று முதலில் சொல்லுங்கள்.