கூட்டாளியின் வாய்ஸ் மெசேஜ், கைக்கு வராத நகல்

கேள்வி: மார்த்தாண்டத்தில் டிராவல்ஸ் நடத்தும் என் கணவர், விசா மோசடி வழக்கில் மூன்றாவது எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர். முதல் எதிரி எங்கள் உறவுக்காரர், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர். என் கணவரைக் குறிப்பிட்டு, "பணம் அவர் கணக்குக்குத்தான் போகும்" என்று அந்த உறவுக்காரர் ஒருவருக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் குற்றப்பத்திரிகையில் காட்டியிருக்கிறார்கள். கைதான பிறகு போலீஸிடமும் அதையே சொல்லியிருக்கிறார். ஆடியோ எங்களுக்குத் தரப்படவில்லை. என்ன செய்வது?

பதில்: சகோதரி, உறவுக்காரர் செய்த துரோகத்தைக் கோர்ட் கேட்காது. அவர் எப்போது பேசினார் என்பதைத்தான் கேட்கும். கைதான பின் போலீஸிடம் சொன்னது உங்கள் கணவருக்கு எதிராக நிற்காது. அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுக்காதீர்கள். வாய்ஸ் மெசேஜ் அப்படியல்ல. சதி நடந்ததாக நம்ப நியாயமான காரணம் இருந்தால், சதி நடக்கும்போது அதையொட்டி ஒருவர் பேசியது மற்றவர் மேலும் பாயும். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 8-வது பிரிவு அதுதான். ஆகவே தேதியோடு முழு ஆடியோவும் வேண்டும். மெமரி கார்டில் உள்ள பதிவும் ஆவணமே என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நகல் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

நான் பயப்படுவது வேறு இடத்தில். கோர்ட்டில் குற்றப்பத்திரிகை நகல் தரும் நாளில் கட்டைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் "எல்லாம் பெற்றுக்கொண்டேன்" என்று கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். அப்புறம் ஆடியோ இல்லை என்றால் யார் நம்புவார்? நகல் தந்த நாளிலிருந்து 60 நாளுக்குள், விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கேட்கும் விடுவிப்பு மனு போட வேண்டும். ஆடியோவுக்காகச் சண்டை போட்டே அந்த நாட்களைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கையெழுத்துக்கு மேலேயே "ஆடியோ தரப்படவில்லை" என்று எழுதச் சொல்லுங்கள். அன்றே நகல் மனுவும் போடுங்கள். அது நிலுவையில் இருந்தாலும் விடுவிப்பு மனுவைக் கெடுவுக்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். "சொன்னதை மாற்றிச் சொல்" என்று முதல் எதிரிக்கு யாரும் போன் செய்யவே கூடாது. அந்த ஒரு அழைப்பு போதும், ஜாமீன் ரத்தாக.

இன்னொன்று. உங்கள் கணவரின் கணக்கில் உண்மையிலேயே பணம் வந்திருந்தால் சமரசம் பேசுங்கள். ஆடியோ இல்லாவிட்டாலும் பேங்க் ஸ்டேட்மென்ட் பேசும். பணத்தை முதல் எதிரி வழியாகக் கொடுக்காமல், ஏமாந்த ஒவ்வொருவர் கணக்கிலும் நேரடியாகப் போட்டு ரசீது வாங்குங்கள். சதிப் பிரிவும் இருப்பதால், வழக்கை முழுதாக முடிக்க உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குத்தான் போக வேண்டியிருக்கும். சமரசப் பத்திரத்தில் "ஏமாற்றினேன்" என்ற வார்த்தை வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.