மூட்டு மாற்று அறுவைக்குப் பின் பைக் எப்போது ஓட்டலாம்?

வலது முழங்கால் மாற்றி ஆறு வாரம் ஆகிறது, புல்லட் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கார் ஓட்டவே பலருக்கு அப்போதுதான் அனுமதி கிடைக்கும். பைக்குக்குச் சுமார் மூன்று மாதம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி முடிவு உங்கள் மருத்துவருடையது.

வலது கால்தான் பின் பிரேக். திடீரென மிதிக்கும்போது வலியில் கால் ஒரு நொடி தயங்கினாலும் ஆபத்துதான். தூக்கம் வரவழைக்கும் வலி மாத்திரையை முழுதாக நிறுத்தியிருக்க வேண்டும். முழங்கால் 90 டிகிரிக்கு மேல் தாராளமாக மடங்க வேண்டும். இல்லையென்றால் ஃபுட்ரெஸ்டில் கால் வைத்ததும் இடுப்பைக் கோணி உட்காருவீர்கள்.

பலரும் மறப்பது நிற்கும் நேரத்தை. புல்லட் வகையைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 ஏறக்குறைய 195 கிலோ. சிக்னலில் அது வலப்பக்கம் சாய்ந்தால், தொடைத் தசை பலமில்லாத கால் தாங்காது. ஒற்றைக்காலில் பத்து விநாடி நிற்க, படி ஏறி இறங்க வருகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு எஞ்சினை அணைத்துவிட்டு, ஒருவர் பிடித்துக்கொள்ள, ஏறி இறங்கிப் பழகுங்கள்.

கிக்கர் வேண்டவே வேண்டாம், செல்ஃப் மட்டும். உண்மையில், முதல் சில வாரம் ஸ்கூட்டர் நல்லது: கியரும் இல்லை, கால் பிரேக்கும் இல்லை. ஓட்டியபின் மூட்டு வீங்கினால் ஐஸ் வைத்து, மறுநாள் ஓய்வு. காய்ச்சலோடு சூடும் சிவப்பும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள்.